எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். வழக்குப் பதிவேடு, ஜி.டி. என்கிற அன்றாட நாட்குறிப்பு, கோர்ட்டுக்குப் போகும் கடிதங்கள், மேலிடத்துக்குப் போகும் மாதாந்திரக் கணக்கான ரிட்டர்ன் எல்லாம் அவர் கையால்தான் எழுதப்படும். ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதினோரு வருஷம் நான் அந்த மேசையில் இருந்தேன். அதன்பிறகு எட்டு வருஷம் மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தில், அதாவது டி.சி.ஆர்.பி.யில். அப்புறம் மறுபடியும் ஸ்டேஷன். போன வருஷம் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளராக, ஓய்வு பெற்றேன். எந்த மாவட்டம் என்று எழுதப் போவதில்லை. கீழே வரும் வழக்குகளிலும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதவில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்.

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள். தமிழ்நாட்டில் அந்த வேலை 2020 ஜனவரியில் தொடங்கி, ஊரடங்கால் மார்ச்சில் நின்று, டிசம்பர் கடைசியில் மறுபடி தொடங்கி, 2021 மார்ச்சில் முடிந்தது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "அத்தை, எங்க ஆய்வுல நாடு முழுக்க நூத்துக்கு ஆறு பெண்கள் தங்களுக்குப் பாலியல் வன்முறை நடந்திருக்குன்னு சொல்லியிருக்காங்க. போலீஸ் கணக்குல வருஷத்துக்கு முப்பதாயிரம் சொச்சம்தான் வருது. மத்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?"

அவளுக்கு அன்றைக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். முழுதாகச் சொன்ன திருப்தி இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த முப்பதாயிரம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், என்.சி.ஆர்.பி., வருஷா வருஷம் ஒரு புத்தகம் வெளியிடுகிறது. 2022-ம் வருஷத்துக்கு நாடு முழுவதும் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516 என்று அதில் இருக்கிறது. டெல்லியில் இருக்கிறவர்கள் யாரும் எண்ணி எடுத்த எண் இல்லை இது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு ரைட்டர் ஒரு படிவத்தில் எழுதி, அது டி.சி.ஆர்.பி.க்கு வந்து, அங்கே கூட்டி, சென்னையில் மாநிலக் காப்பகத்துக்குப் போய், அங்கிருந்து டெல்லி போகிறது. இப்போது சி.சி.டி.என்.எஸ். என்ற கணினி வலையமைப்பு வந்துவிட்டது. ஆனால் கணினியும் நாம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைத்தான் எண்ணும். எந்தக் கட்டம் என்று முடிவு செய்வது இன்னமும் மேசையில் இருக்கும் மனுஷிதான்.

அந்த மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவர்களுக்குத் தெரியும், முதலில் சி.எஸ்.ஆர். போட்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். மனு வாங்கிக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்று அர்த்தம். அது எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் கணக்கில் ஏறும். ஆகாமல் சமாதானத்தில் முடிந்தால், "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு மனுவை மூடிவிடுவார்கள். டெல்லிக்குப் போகும் வழக்குக் கணக்கில் அந்த ரசீதுகளுக்கு இடம் கிடையாது. கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் 166ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே சிறைத்தண்டனை. அந்தப் பிரிவை ஒரு ஏ4 தாளில் அச்சடித்து எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானே வைத்தேன். பலன் இருந்தது. ஆனால் முழுப் பலன் என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது.

டெல்லி நகரத்தின் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். 2012-ல் அங்கே பதிவானவை 706. 2013-ல் 1,636. ஒரே வருஷத்தில் குற்றம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதா? 2012 டிசம்பரில் பேருந்தில் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு பெண்கள் தைரியமாக ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ஸ்டேஷன்களும் பதிந்தன. சட்டத்தில் வன்கொடுமை என்பதன் வரையறையும் விரிந்தது. மூன்றும் சேர்ந்த எண் அது. இதில் எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பிரிக்கிற மாதிரி நாங்கள் எழுதி வைக்கவில்லை. பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று என்.சி.ஆர்.பி.யே தன் புத்தகத்தின் முன்பக்கங்களில் எழுதுகிறது. டி.வி.யில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

இனி நான் உறங்காமல் கிடந்த ஒரு வழக்குக்கு வருகிறேன்.

வருஷம் சொல்லவில்லை, 2013-க்கு முந்தியது. காட்டு வேலைக்குப் போன பெண் வீடு திரும்பவில்லை. மறுநாள் உடல் கிடைத்தது. முதலில் சந்தேக மரணம் என்று 174-ல் பதிந்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் கொலை, வன்கொடுமை என்று 302, 376 இரண்டு பிரிவும் சேர்த்து, பிரிவு மாறியதைச் சொல்லும் ஆல்டரேஷன் ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போனது. மாத ரிட்டர்ன் எழுதும் நாள் வந்தது. அப்போது நான் டி.சி.ஆர்.பி.யில். கொலை என்ற கட்டத்தில் ஒன்று ஏற்றினேன். அடுத்து பாலியல் வன்கொடுமைக் கட்டத்துக்கு வந்தேன். அங்கே ஏற்ற முடியாது.

அதற்குப் பெயர் பிரதான குற்ற விதி. ஒரே எஃப்.ஐ.ஆரில் நான்கு குற்றங்கள் இருந்தாலும், தண்டனை எதற்கு அதிகமோ அந்த ஒன்றில் மட்டும் எண்ண வேண்டும். ஒரே வழக்கை நான்கு தடவை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு பெண்ணைச் சீரழித்துவிட்டு உயிரோடு விட்டால் அது வன்கொடுமைக் கணக்கில் வரும். கொன்றுவிட்டால் வராது. மிகக் கொடூரமாகச் செத்தவர்கள்தான் அந்தக் கணக்கிலிருந்து முதலில் விழுந்துபோனவர்கள்.

அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த ஏட்டையாவிடம் கேட்டேன். "விதி அதுதானேம்மா, நாம என்ன பண்றது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் வன்கொடுமைக் கட்டத்தில் அவளைச் சேர்க்காமலேயே ரிட்டர்னை முடித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு போட்டேன். ஆபீஸ் நோட்டுதான், ஆபீஸிலேயேதான் இருந்தது. ஒவ்வொரு குற்ற எண்ணுக்கும் எதிரே எல்லாப் பிரிவுகளையும், பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும், வயதையும், பிரிவு பின்னால் மாறினால் மாறிய தேதியையும் எழுதி வந்தேன். யாரும் கேட்டு எழுதவில்லை.

2017-ம் வருஷத்துக் கணக்கிலிருந்து என்.சி.ஆர்.பி. "பாலியல் வன்கொடுமையுடன் கொலை" என்று தனி வரி கொடுத்தது. 2021-ல் அந்த வரியில் 284, 2022-ல் 248. இந்தப் புத்தகம் முதன்முதலில் வந்தது 1953-க்கு. அன்றிலிருந்து 2016 வரை அந்த வரி இல்லை. அத்தனை வருஷத்து இறந்த பெண்களும் கொலைக் கணக்குக்குள் கலந்து கிடக்கிறார்கள். இனிப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பழைய கேஸ் டைரியைத்தான் புரட்ட வேண்டும். கறையான் மிச்சம் வைத்திருந்தால்.

அந்த நீள நோட்டு ஒரு தடவை எனக்கு உதவியது. சட்டசபை நடக்கும் நாட்களில் எல்.ஏ.க்யூ. வரும். உறுப்பினர் கேட்ட கேள்விக்கு மாவட்ட வாரியாகப் பதில் மாலைக்குள் போக வேண்டும். அப்படி ஒரு கேள்வி வந்தது: குறிப்பிட்ட ஒரு வருஷத்தில் மாவட்டத்தில் எத்தனை பாலியல் வன்கொடுமை? மூன்று இடத்தில் கேட்டார்கள், மூன்று பதில் வந்தது. நாங்கள் ஏற்கெனவே சென்னைக்கு அனுப்பிய ரிட்டர்னில் ஓர் எண். கோர்ட் பணி பார்க்கும் காவலர்கள் வைத்திருந்த பட்டியலில் அதைவிட இரண்டு கூடுதல். மகளிர் குற்றத்துக்கென்று தனியாகப் போகும் அறிக்கையில் ஒன்று குறைவு. மேலதிகாரி யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார்.

யாரும் பொய் எழுதவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு வழக்கு முதலில் மானபங்கம், 354, என்று பதிவாகி, பாதிக்கப்பட்டவள் நீதிபதி முன்பு வாக்குமூலம் கொடுத்த பிறகு 376-ஆக மாறியிருந்தது. ரிட்டர்ன் போனது மாறுவதற்கு முன்னால். கோர்ட் பட்டியல் மாறிய பின்னால். இன்னொன்று நான் மேலே சொன்ன மாதிரி கொலையோடு சேர்ந்தது. குறைந்துபோன அந்த ஒன்று, சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் பதிந்து மகளிர் ஸ்டேஷனுக்கு மாற்றப்பட்டது. அங்கே அதற்குப் புதுக் குற்ற எண் விழ, இங்கேயா அங்கேயா என்ற குழப்பத்தில் இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, ஒரே எஃப்.ஐ.ஆரில் அக்கா தங்கை இருவர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வழக்கு என்றால் ஒன்று, ஆள் என்றால் இரண்டு. கேள்வியில் "எத்தனை" என்று மட்டும்தான் இருந்தது.

கடைசியில் "ஏற்கெனவே அனுப்பிய எண்ணையே அனுப்புங்கள்" என்று முடிவானது. ஒத்துப்போக வேண்டும் என்றால் நம்மூரில் அதுதான் வழி: முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வது. எண்களை ஒத்துப்போக வைப்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எண்ணும் முறை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இரண்டு எண் வேறுபட்டாலும் ஏன் என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

பெயர்களிலும் இதே தொல்லைதான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் 509 என்ற பிரிவை "ஈவ் டீசிங்" என்போம். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அப்படி ஒரு துரத்தலில் உயிர் இழந்த பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் என்று. 2002-ல் அதைப் பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். என்.சி.ஆர்.பி. அட்டவணையில் அதே 509 நெடுநாள் "பாலியல் துன்புறுத்தல்" என்ற தலைப்பில் இருந்தது. 2013 திருத்தத்தில் 354ஏ என்று ஒரு புதுப் பிரிவு வந்து, அதுதான் பாலியல் துன்புறுத்தல் ஆனது. 509-க்கு வேறு பெயர் வந்தது. இப்போது ஓர் ஆராய்ச்சி மாணவி இருபது வருஷத்துப் புத்தகங்களை அடுக்கி வைத்து "பாலியல் துன்புறுத்தல்" என்ற வரியை மட்டும் படித்துக்கொண்டே வந்தால், நடுவில் ஓர் இடத்தில் அவள் அறியாமலேயே வேறொரு குற்றத்தை எண்ணத் தொடங்கியிருப்பாள்.

குழந்தைகள் விஷயம் இதைவிடச் சிக்கல். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது ஆகாத யாராக இருந்தாலும் அதில்தான் வழக்கு. ஆண் குழந்தைக்கும் அதில் இடம் உண்டு, அது பெரிய நல்ல காரியம். 19-வது பிரிவின்படி விஷயம் தெரிந்தவர் எல்லோரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் கர்ப்பமாக வருவாள். ஆதாரைப் பார்த்தால் பதினேழு. டாக்டர் தகவல் கொடுப்பார், ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். விழும். அந்தப் பெண் கூடப் படித்தவனோடு ஊரை விட்டுப் போனவளாக இருக்கலாம். பெற்றவர்களே கட்டிவைத்த குழந்தைத் திருமணமாக இருக்கலாம். சொந்தச் சித்தப்பாவால் சீரழிக்கப்பட்டவளாகவும் இருக்கலாம். மூன்றும் பிரதான அட்டவணையில் ஒரே கட்டம்.

இதில் தமிழ்நாடு கொஞ்சம் யோசித்தது. பரஸ்பர விருப்பத்தில் நடந்த இளவயதுக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். சுற்றறிக்கை ஸ்டேஷனுக்கு வந்தது, அட்டவணையில் எந்த மாற்றமும் வரவில்லை. பத்திரிகையாளர் எஸ். ருக்மிணி டெல்லி மாவட்ட நீதிமன்றங்களின் 2013-ம் வருஷ வன்கொடுமை வழக்குகளை ஒன்று விடாமல் படித்து எழுதினார். முழுமையாக விசாரணை நடந்த 460 வழக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல், விரும்பிச் சேர்ந்த ஜோடிகள் மீது பெற்றோர் தரப்பிலிருந்து வந்தவையாகத் தெரிந்தன. இதை எடுத்துக்கொண்டு "பார், எல்லாம் பொய்க் கேஸ்" என்று பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்படிப் பேச முடிவதற்குக் காரணமே எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் கொட்டி வைத்திருப்பதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் என்ன உறவு என்று தனி அட்டவணையில் இருப்பதோடு, வயது வித்தியாசம் எவ்வளவு, புகார் கொடுத்தது யார் என்று இரண்டு பத்தி சேர்த்தால் போதும், சித்தப்பாவிடம் சிக்கிய குழந்தை அந்தக் கூட்டத்தில் மறைந்துபோக மாட்டாள்.

இப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா, வந்துவிட்டது. 2024 ஜூலை 1 அன்று காலை ஸ்டேஷன் சுவரில் பழைய பிரிவு, புதுப் பிரிவு என்று இரண்டு பத்தி அட்டவணை ஒட்டினோம். 376 இனி 64. 354 இனி 74. 509 இனி 79. எண் மாறுவது பழகிவிடும். பழக வேண்டிய விஷயம் 69. கல்யாணம் செய்துகொள்வதாக ஏமாற்றி உறவு கொள்வதற்கு அது தனிப் பிரிவு. இத்தனை நாள் இதே புகார்களை 376-ல்தான் பதிந்தோம், அதுவும் எண்ணிக்கையில் குறைவில்லை. இனி அவை 69-க்குப் போகும்போது 64-ல் எண் இறங்கும். அப்போது யாராவது மேடையில் நின்று வன்கொடுமை குறைந்துவிட்டது என்று பேசலாம். ஒரு பெண்ணின் நிலைமையும் மாறியிருக்காது, கட்டம் மட்டும் மாறியிருக்கும்.

இன்னொரு பக்கம், பழைய 377 புதுச் சட்டத்தில் இல்லவே இல்லை. வயது வந்த ஆணுக்கோ திருநங்கைக்கோ இந்தக் கொடுமை நடந்தால் பதிவதற்கு நேரான பிரிவு கிடையாது. திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, அதிகபட்சம் இரண்டு வருஷம். இல்லையென்றால் அடிதடிக் கட்டம். ஒரு திருநங்கை எங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அவருக்கு நடந்ததற்கு ஒரு பெயரை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

சரி, அண்ணன் மகள் சொன்ன நூற்றுக்கு ஆறுக்கு வருகிறேன். அவர்கள் முறை வேறு. ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும், வன்முறை பற்றிய கேள்விகளை ஒருத்தியிடம் மட்டும் கேட்பார்கள். தனியாகக் கேட்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். "வன்கொடுமை நடந்ததா" என்று கேட்பதே இல்லை. விருப்பம் இல்லாதபோது உடல் பலத்தால் கட்டாயப்படுத்தினாரா, மிரட்டிக் கட்டாயப்படுத்தினாரா என்று நடந்த செயலைச் சொல்லிக் கேட்கிறார்கள். பெண்களுக்கு அந்தப் பெரிய சட்ட வார்த்தை தேவையில்லை, நடந்தது தெரியும்.

அந்த ஐந்தாம் சுற்றில் 72,320 பெண்களிடம் இந்தக் கேள்விகள் போயிருக்கின்றன. பாலியல் வன்முறையைச் சொன்ன மணமானவர்களில் 82 சதவீதத்தினர் காட்டியது இப்போதைய கணவரை. 14 சதவீதத்தினர் முன்னாள் கணவரை. இந்த இடத்தில்தான் அண்ணன் மகளுக்குப் பாதிப் பதில் கிடைத்தது. பதினெட்டு வயது தாண்டிய மனைவியிடம் கணவன் கட்டாயமாக நடந்துகொண்டால் நம் சட்டத்தில் அது வன்கொடுமை ஆகாது. பழைய 375-லும் அந்த விலக்கு இருந்தது, புதிய 63-லும் இருக்கிறது. ஆக, அவள் கணக்கில் பெரும்பான்மையாக இருப்பவர்களுக்கு என் கணக்கில் கட்டமே இல்லை. அவள் எண்ணியது வாழ்நாளில் எப்போதாவது நடந்தது. நான் எண்ணியது அந்த வருஷத்தில் பதிவானது. இரண்டையும் அருகருகே வைத்து வகுத்துப் பெருக்குவது நெல்லையும் நெல் மூட்டையையும் ஒன்றாகக் கூட்டுவது மாதிரி.

இதைச் சொல்லும்போது என் கை செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் வந்தாள், இரண்டு பிள்ளைகள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்பதோடு, ராத்திரியில் அவன் செய்வதையும் தலை குனிந்தபடி சொன்னாள். மனு எழுதத் தெரியாது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். "குடித்துவிட்டு அடித்துத் துன்புறுத்துகிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதை எழுதினால் செக்‌ஷன் இல்லை, அவளுக்கும் சங்கடம் என்று நினைத்தேன். அவள் வாய் திறந்து சொன்ன ஒரே தடவை அதுவாக இருந்திருக்கலாம். நான் அதைத் தாளில் வர விடவில்லை. இப்போது இருந்தால் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன். பிரிவு இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ஆய்விலும் ஓட்டை இல்லாமல் இல்லை. நான்காம் சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டார்கள். ஐந்தாம் சுற்றில் 18 முதல் 49. இரண்டு அறிக்கையையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் கேட்பதில்லை. என் ஸ்டேஷனுக்கு வந்தவர்களில் அறுபது தாண்டிய ஓர் ஆயாவும் உண்டு. வீடுகளில் கேட்கும் ஆய்வு என்பதால் தெருவில் படுப்பவர்கள், விடுதியிலும் காப்பகத்திலும் இருப்பவர்கள் அதில் வருவதில்லை.

ஆனால் அண்ணன் மகள் சொன்ன ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு வீட்டில் மாமியார் நாலு தடவை ஏதோ எடுக்க உள்ளே வந்துகொண்டே இருந்தாராம். இவள் நாலு தடவையும் பேச்சைக் குழந்தைத் தடுப்பூசிக்கு மாற்றியிருக்கிறாள். கடைசி வரை தனிமை கிடைக்கவில்லை. "அப்போ அந்தப் பொண்ணை விட்டுட்டியா?" என்றேன். "இல்லை அத்தை, தனிமை கிடைக்கலைன்னு போட ஒரு கட்டம் இருக்கு. அதைப் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

கேட்க முடியாமல் போனதற்கும் ஒரு கட்டம்! முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எங்கள் படிவம் எதிலும் நான் அதைப் பார்க்கவில்லை. எங்களிடம் "நில்" என்று எழுதினால், அந்த மாதம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். மனு வாங்கி மூடியது எத்தனை, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் போட்டு எங்களுக்கு மெமோ வந்தும் வழக்காகாமல் நின்றது எத்தனை, பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன் செய்துவிட்டு நேரில் வராதவர்கள் எத்தனை என்று ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரி தன் கணக்கை வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர் தன் கணக்கை வைத்திருக்கிறது. வேலையிடத்துப் பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு வருடாந்தர அறிக்கையை மாவட்ட அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 2013-ம் வருஷச் சட்டம் சொல்கிறது, அது இன்னொரு கோப்பு. ஒரே பெண் நாலு கோப்பிலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் போகலாம்.

இது நம் நாட்டுத் தொல்லை மட்டும் இல்லை என்று அண்ணன் மகள்தான் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் அவர்களுடைய அரசுத் தணிக்கை அலுவலகம் 2016-ல் பார்த்தபோது, நான்கு துறைகள் பத்து விதமாகப் பாலியல் வன்முறைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தன. அதில் 23 விதமான சொற்கள். 2011 என்ற ஒரே வருஷத்துக்கு ஒரு கணக்கில் 2,44,190, இன்னொரு கணக்கில் 19 லட்சத்துக்கும் மேல். நடந்த செயலை வைத்து வகைப்படுத்துங்கள், அந்தந்த நாட்டுச் சட்டப் பிரிவை வைத்து வேண்டாம் என்று ஐ.நா. 2015-ல் ஒரு பொது வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது சரியாகப் படுகிறது. சட்டம் மாறும், பிரிவு எண் மாறும். நடந்தது மாறாது.

என்னைக் கேட்டால், பெரிய செலவு எதுவும் வேண்டாம். எஃப்.ஐ.ஆரில் உள்ள எல்லாப் பிரிவையும் கணினியில் ஏற்கெனவே ஏற்றுகிறோம், எல்லாவற்றையும் எண்ணிக் காட்டட்டும். பிரதானக் குற்றத்துக்கு ஓர் அட்டவணை, அனைத்துக் குற்றத்துக்கும் ஓர் அட்டவணை. வழக்கு எத்தனை, ஆள் எத்தனை என்று டெல்லிப் புத்தகத்தில் அச்சடிக்கிற மாதிரி, மாவட்டத்து எல்லா அறிக்கையிலும் இரண்டையும் எழுதட்டும். பிரிவு மாறினால் பழைய வருஷத்து எண்ணையும் திருத்தி, திருத்தியதாகச் சொல்லட்டும். எண்ணைத் திருத்துவது அவமானம் என்ற நினைப்பு எங்கள் துறையில் ஆழமாக இருக்கிறது, அது போக வேண்டும். பெண்கள் தொடர்பான சி.எஸ்.ஆர். எத்தனை வந்தது, எத்தனை வழக்கானது என்று ஸ்டேஷன் வாரியாக வரட்டும். அப்புறம், எண் கூடினால் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுத் திட்டுகிற பழக்கம் நிற்க வேண்டும். அது நிற்காத வரை படிவத்தை எத்தனை தடவை மாற்றினாலும் மேசையில் இருப்பவள் கை தயங்கத்தான் செய்யும். நானும் தயங்கியிருக்கிறேன்.

டி.சி.ஆர்.பி.யிலிருந்து மாறுதலாகி வந்தபோது அந்த நீள நோட்டை எனக்குப் பிறகு வந்த பெண் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிப் பீரோவில் வைத்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். பொங்கல் கழிந்து நான்காம் நாள் போன் செய்தாள். "அம்மா, தொந்தரவு பண்றேன். 69-ல ஒண்ணு வந்திருக்கு. ரிட்டர்ன்ல அதுக்குன்னு இருக்கிற கட்டத்துல போட்டுட்டேன். நம்ம நோட்டுல எப்படி எழுதறது?"

நம்ம நோட்டு என்றாள்.

69 என்று எழுதம்மா என்றேன். பக்கத்திலேயே, பழைய சட்டமாக இருந்தால் 376-ல் வந்திருக்கும் என்றும் எழுது, வயதையும் உறவையும் எழுது, யார் புகார் கொடுத்தது என்றும் எழுது. "இருங்கம்மா, பேனா எடுத்துக்கறேன்" என்றாள்.